எலும்பை விற்றோம், பாறையை வாங்குகிறோம்: இந்திய மண்ணின் மணிச்சத்து வரலாறு

1889-ஆம் ஆண்டின் இறுதியில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் ஆங்கிலேய வேளாண் வேதியியலாளர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். இந்நாட்டு வேளாண்மையை மேம்படுத்த வேதியியல் என்ன செய்யக்கூடும் என்று ஆராய்ந்து கூறுவது அவருக்கு இடப்பட்ட பணி. ஓராண்டுக்கும் மேலாக நாட்டின் பல பகுதிகளையும் சுற்றிப் பார்த்த அவருடைய அறிக்கை 1893-இல் வெளியாயிற்று. இந்திய உழவர் அறியாமையில் உழல்பவர் என்ற அன்றைய ஆட்சியாளர் பலரின் எண்ணத்தை அந்த அறிக்கை ஏற்கவில்லை. உழவரின் திறமையைக் காட்டிலும் அவருக்குக் கிட்டும் எருவே பெருங்குறை என்று அது கண்டது. விறகு கிடைக்காத ஊர்களில் சாணம் வறட்டியாகி அடுப்பில் எரிந்தது. எண்ணெய் வித்துகளும் எலும்புகளும் துறைமுகம் நோக்கிப் போயின. மண்ணுக்குத் திரும்ப வேண்டியது திரும்பாமல் போகிறது என்ற கவலை அந்த அறிக்கையில் முன்வைக்கப்பட்டது.

அதன் பின் ஏறத்தாழ 130 ஆண்டுகள் கடந்துவிட்டன. அன்று எலும்பை ஏற்றுமதி செய்த நாடு இன்று பாறை பாஸ்பேட்டையும் பாஸ்பாரிக் அமிலத்தையும் டி.ஏ.பி. உரத்தையும் இறக்குமதி செய்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஆட்சி மாறியது. கொள்கைகள் பலமுறை மாறின. மணிச்சத்தை என்ன விலைக்கு வாங்குவது, உழவருக்கு என்ன விலைக்குத் தருவது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் ஒரு விடை கண்டது. வயலுக்குள் வந்த மணிச்சத்து பிறகு எங்கே போகிறது, அதை எவ்வாறு திருப்பிக் கொண்டுவருவது என்ற கேள்விக்கு மட்டும் எந்தக் காலத்திலும் ஒரு துறை பொறுப்பேற்கவில்லை. இந்தப் பதிவு அந்த விடுபட்ட கேள்வியின் வரலாறு.

ஏன் மணிச்சத்து?

பயிருக்கு வேண்டிய பேரூட்டங்கள் மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்தாகிய நைட்ரஜன் காற்றில் நிறைந்திருக்கிறது. எரிபொருள் இருந்தால் ஆலையில் அதைப் பிடித்து யூரியா ஆக்கலாம், பயறுவகைப் பயிர்களின் வேர்முண்டுகளில் வாழும் நுண்ணுயிரிகளும் அதைப் பிடித்துத் தரும். மணிச்சத்தாகிய பாஸ்பரஸுக்கு அந்த வசதி இல்லை. அது காற்றில் இல்லை. பாறையிலும் மண்ணிலும் உயிர்களின் உடலிலும் மட்டுமே உண்டு. அதற்கு மாற்றாக வேறொரு தனிமம் பயிருக்குப் பயன்படாது. நம் எலும்பும் பல்லும் உயிரணுக்களின் மரபுப்பொருளும் அதைக் கொண்டே அமைந்தவை.

நெல்லும் கோதுமையும் பருப்பும் வயலை விட்டு வெளியேறும்போது மணிச்சத்தும் உடன் வெளியேறுகிறது. அதை உண்ட மனிதரும் மாடும் அதில் பெரும்பகுதியைச் சாணமாகவும் சிறுநீராகவும் மலமாகவும் வெளியேற்றுகின்றனர். எஞ்சியது எலும்பில் தங்குகிறது. 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ரசவாதி ஹென்னிக் பிராண்ட் பாஸ்பரஸை முதன்முதலில் பிரித்தெடுத்தது மனிதச் சிறுநீரிலிருந்துதான். ஆகவே மணிச்சத்து மேலாண்மை என்பது உரக்கடையோடு முடிந்துவிடும் செய்தி அன்று. சமையலறை, கழிப்பறை, மாட்டுத்தொழுவம், இறைச்சிக்கூடம், சாக்கடை அனைத்தும் அதன் எல்லைக்குள் அடங்கும்.

எலும்பு வணிகம்

1842-இல் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ், எலும்பையும் பாஸ்பேட் கனிமங்களையும் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பே ஆங்கிலேய வயல்களுக்கு எலும்பு உரமாகச் சென்றுகொண்டிருந்தது. ஐரோப்பாவின் போர்க்களங்களில் புதைந்த எலும்புகளைக்கூட இங்கிலாந்து தோண்டிச் செல்வதாக ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் குற்றம் சாட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தேவை இந்தியக் கிராமங்களையும் எட்டியது. ஊர்ப்புறத்தில் வெயிலில் வெளுத்துக் கிடந்த மாட்டெலும்புகள் பொறுக்கப்பட்டு, ரயில் நிலையங்களில் குவிக்கப்பட்டு, ஆலைகளில் நொறுக்கப்பட்டுக் கப்பலேறின.

இதைத் தடுக்க வேண்டும் என்ற குரல் இந்தியாவிலேயே எழுந்தது. எலும்பு, பிண்ணாக்கு, மீன் உரம் ஆகியவற்றின் ஏற்றுமதிக்கு வரி விதிக்கலாம் என்ற யோசனை 1920-களில் அரசுக் குழுக்கள் வரை சென்றது. 1926 முதல் 1928 வரை பணியாற்றிய வேளாண்மைக்கான அரச ஆணையம் அந்தக் கோரிக்கையைப் பரிசீலித்தது. ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் வழியை அது ஏற்கவில்லை. உள்நாட்டு உழவர் விலைகொடுத்து வாங்காத ஒரு பொருளுக்கு வெளிநாட்டுச் சந்தையையும் அடைத்துவிட்டால் இழப்பு விற்பவருக்கே என்பது அன்றைய பொருளியல் வாதம். வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. எலும்பை அப்படியே மண்ணிலிட்டால் அது கரைய நெடுங்காலம் பிடிக்கும். விரைவில் பயன்தர அமிலத்தில் கரைக்க வேண்டும். மலிவான கந்தக அமிலம் நாட்டில் இல்லை. 1906-இல் சென்னை மாகாணத்து ராணிப்பேட்டையில் சூப்பர் பாஸ்பேட் உற்பத்தி தொடங்கியது. இந்தியாவின் ரசாயன உரத் தொழிலுக்கே அதுதான் தொடக்கம். ஆயினும் ஓர் ஆலை ஒரு துணைக்கண்டத்தின் எலும்பைத் தேக்கிவைக்க இயலாது.

கணக்கில் வராத ஒன்று உண்டு. எலும்பு விற்றவருக்குக் காசு கிடைத்தது, வணிகருக்கு ஆதாயம் கிடைத்தது, அரசுக்கு ரயில் வருவாய் கிடைத்தது. மண் இழந்ததை எந்தப் பேரேட்டிலும் எவரும் பற்று எழுதவில்லை.

சுழற்சியைத் தாங்கிய கைகள்

பழைய இந்தியாவில் எல்லாம் மண்ணுக்கே திரும்பின, ரசாயன உரம் வந்துதான் அந்தச் சுழற்சியைக் கெடுத்தது என்று சிலர் எழுதுகின்றனர். அந்தச் சித்திரத்தில் மனிதர்கள் விடுபட்டுப் போகின்றனர்.

இறந்த மாட்டை இழுத்துச் சென்றவர்கள், தோலுரித்தவர்கள், எலும்பு பொறுக்கியவர்கள், நகரத்து உலர் கழிப்பறைகளிலிருந்து மலம் சுமந்தவர்கள் யாவர்? சாதியின் பெயரால் அத்தொழிலுக்குள் அடைக்கப்பட்ட தலித் மக்களே. மணிச்சத்தின் சுழற்சி அவர்கள் முதுகின்மேல் நடந்தது. அதன் விளைச்சலோ பெரும்பாலும் அவர்களுக்குச் சொந்தமில்லாத நிலத்தில் விளைந்தது. 1920-களில் அம்பேத்கர், செத்த மாட்டிறைச்சி உண்பதையும் சடலம் இழுக்கும் இழிதொழிலையும் கைவிடுமாறு தம் மக்களை வேண்டியபோது, பல ஊர்களில் ஆதிக்கச் சாதியினர் அதைக் கலகமாகவே பார்த்தனர். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதை எதிர்த்து, மாட்டுச் சடலங்களை அகற்ற மாட்டோம் என்று அம்மக்கள் மறுத்தனர். சுரேந்திரநகரில் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னேயே சடலங்கள் கொண்டுவந்து போடப்பட்டன. அந்த வேலையை அதுவரை செய்துவந்தவர் யார் என்பதை அன்றுதான் பலரும் எண்ணிப் பார்த்தனர்.

மறுசுழற்சியை அறிவியலாக்க முயன்ற இருவரின் பணியையும் இந்தப் பின்னணியில் வைத்தே காண வேண்டும். ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் இந்தூரில் நடத்திய பயிர் ஆய்வு நிலையத்தில், பயிர்க்கழிவு, சாணம், மாட்டுச் சிறுநீர் ஊறிய மண், மரச்சாம்பல் ஆகியவற்றை அடுக்கி, முறையாகப் புரட்டி மட்கச் செய்யும் வழியை வகுத்தார். 1931-இல் யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து அதை நூலாக வெளியிட்டார். இந்தூர் முறை என்று உலகெங்கும் அறியப்படுவது அதுவே. 1930-களின் இறுதியில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.என். ஆச்சார்யா, நகரக் குப்பையையும் மலத்தையும் குழிகளில் மாற்றி மாற்றி அடுக்கி மூடும் முறையை உருவாக்கினார். அது பெங்களூர் முறை எனப்பட்டது. புரட்ட வேண்டியதில்லை, நாற்றமும் ஈத்தொல்லையும் குறைவு. போர்க்காலத்து உணவுப் பஞ்சத்தைத் தொடர்ந்து நகராட்சிகள் பல அந்த முறையைக் கைக்கொண்டன.

அறிவியல் சரியாகவே இருந்தது. எனினும் குழிவரை மலத்தைக் கொண்டுவந்தது பழைய சாதித் தொழிலாளியின் கூடையும் வண்டியும்தான். முறை புதிதாயிற்று, சுமந்தவர் மாறவில்லை. பின்னாளில் நகரங்களில் நீரடிக் கழிப்பறைகள் பரவின. மலம் அள்ளும் பணியைத் தடைசெய்ய 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. இவை வர வேண்டிய மாற்றங்கள். தாமதமாக வந்தன என்பதே குறை. ஆனால் அநீதியை அகற்றியபோது, அதனோடு பிணைந்திருந்த ஊட்டச்சத்துப் பாதைக்கு மாற்றாக இயந்திரப் பாதை எதையும் நாடு அமைக்கவில்லை. கூடை போன இடத்தில் சாக்கடை வந்தது. சாக்கடை ஏரிக்கும் ஆற்றுக்கும் போயிற்று. அந்தச் சாக்கடைக்குள்ளும் தொழிலாளர் இறங்கி மாள்வது இன்னும் நின்றபாடில்லை. 2014-இல் அத்தகைய மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்த வேண்டியிருந்தது.

பாறையைத் தேடிய காலம்

1951-52-இல் இந்தியா பயன்படுத்திய ரசாயன மணிச்சத்து, பாஸ்பரஸ் பென்டாக்சைடு அளவில், ஏறத்தாழ 7 ஆயிரம் டன் மட்டுமே. 1965-66-இல் அது சுமார் 1.3 லட்சம் டன். பசுமைப் புரட்சியின் குட்டைரகக் கோதுமையும் நெல்லும் பரவிய பின் 1980-81-இல் 12 லட்சம் டன்னாகவும், 1990-91-இல் 32 லட்சம் டன்னாகவும் ஏறியது. அண்மை ஆண்டுகளில் 80 லட்சம் டன்னை ஒட்டி நிற்கிறது. பஞ்சத்தின் நினைவு ஆறாத ஒரு நாட்டில் இந்த ஏற்றம் பல கோடிப் பேரின் பசியை ஆற்றியது. அதை மறந்து உரத்தைப் பழிப்பது நேர்மையாகாது.

ஏற்றம் தொடங்கிய வேளையில் உள்நாட்டில் பாறை தேடும் முயற்சியும் நடந்தது. 1968-இல் ராஜஸ்தானின் உதய்பூர் அருகே ஜாமர்கோட்ராவில் பாஸ்பேட் படிவு கண்டறியப்பட்டது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட கடல் நுண்ணுயிர்கள் கட்டிய பாறையடுக்குகளில் அமைந்த படிவு அது. முசூரிப் பகுதியிலும், மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாவிலும், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் படிவுகள் உண்டு. முசூரிப் பாறை பெரும்பாலும் தரம் குறைந்தது. அமிலத்தில் கரைத்து உயர்தர உரமாக்க ஏற்றதன்று. ஆயினும் அமிலத்தன்மை மிக்க மண்ணில் தூளாகவே இட்டால் மெல்லக் கரைந்து பயன் தரும் என்பதால் மலைத்தோட்டங்களில் அது பயன்பட்டது. இவையெல்லாம் சேர்ந்தும் நாட்டின் பசியில் சிறுபகுதியையே ஆற்ற இயலும். உலகின் அறியப்பட்ட பாஸ்பேட் இருப்பில் 10-இல் ஏறத்தாழ 7 பங்கு மொராக்கோவிலும் அதன் பிடியிலுள்ள மேற்குச் சஹாராவிலும் இருக்கிறது என்பது நிலவியல் நமக்கு விதித்த எல்லை.

ஆகவே இந்தியா கடல் கடந்து கைகோத்தது. ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்தில் 1981-இல் தொடங்கப்பட்ட பாஸ்பேட் நிறுவனம், இந்திய அரசும் பசிபிக் பெருங்கடலின் சின்னஞ்சிறு தீவு நாடான நவூருவும் சேர்ந்து உருவாக்கியது. தன் தரையையே வெட்டி உலக வயல்களுக்கு விற்றுச் செல்வம் ஈட்டிய நாடு நவூரு. இருப்பு தீர்ந்தபின் அத்தீவின் நடுப்பகுதி பயிரேறாத கல்முட்களின் காடாக எஞ்சியது. அதன் பங்கை 1993-இல் இந்திய அரசு ஏற்றது. 2002-இல் நிறுவனத்தின் பெரும்பங்கு தனியாருக்கு விற்கப்பட்டபோது, வாங்கிய கூட்டமைப்பில் மொராக்கோவின் அரசு நிறுவனமும் இருந்தது. ஒரு தீவின் பாறை தீரும் நேரத்தில் வேறொரு நாட்டின் பாறையோடு உறவு ஏற்பட்டது. மொராக்கோ, செனகல், ஜோர்டான் ஆகிய நாடுகளின் பாஸ்பேட் தொழிலில் இந்திய நிறுவனங்கள் முதலீடு செய்தது இதே தர்க்கத்தின் தொடர்ச்சி. பாறை எங்கிருக்கிறதோ அங்கே போ என்பதே கொள்கையாயிற்று. நம் ஊர்ச் சாக்கடையில் ஓடும் மணிச்சத்தைத் தேடி எந்தத் தூதுக்குழுவும் போகவில்லை.

விலை என்னும் ஒற்றைக் கருவி

உற்பத்திச் செலவுக்கும் உழவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அரசே ஈடுசெய்யும் முறை தழைச்சத்து உரங்களுக்கு 1977-இலும், மணிச்சத்து உரங்களுக்கு 1979-இலும் வந்தது. 1991-இன் நிதி நெருக்கடிக்குப் பின் மானியத்தைக் குறைக்கும் கட்டாயம் எழுந்தது. 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது; யூரியாவின் கட்டுப்பாடு நீடித்ததோடு அதன் விலை குறைக்கவும்பட்டது. விளைவு உடனே தெரிந்தது. 1991-92-இல் 5.9-க்கு 2.4-க்கு 1 என்றிருந்த தழை, மணி, சாம்பல் சத்துகளின் விகிதம் மறு ஆண்டே 9.5-க்கு 3.2-க்கு 1 என்று மாறியது. மணிச்சத்தின் பயன்பாடு 33 லட்சம் டன்னிலிருந்து இரண்டே ஆண்டுகளில் 27 லட்சம் டன்னுக்கு இறங்கியது.

2008-இல் உலகச் சந்தையில் பாறை பாஸ்பேட்டின் விலை, ஓராண்டு இடைவெளியில், டன்னுக்கு 50 டாலர் அளவிலிருந்து 400 டாலரைத் தாண்டியது. சீனா தன் உர ஏற்றுமதிக்கு 100 விழுக்காட்டைத் தாண்டிய வரி விதித்தது. அந்த ஜூனில் கர்நாடகத்தின் ஹாவேரியில், விதைப்புக் காலத்தில் உரம் கேட்டுத் திரண்ட உழவர்மேல் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர் பலியாயிற்று. பாஸ்பேட்டின் உலக அரசியல் ஓர் இந்திய உழவனின் உயிரைத் தொடும் தூரத்தில்தான் இருக்கிறது என்பதை ஹாவேரி காட்டியது.

2010 ஏப்ரலில் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தது. மூட்டைக்கு அன்றி, அதிலுள்ள சத்தின் கிலோவுக்கு நிலையான மானியம் என்பது அதன் கோட்பாடு. நல்ல கோட்பாடுதான், யூரியா அதற்கு வெளியே விடப்பட்டதால் 1992-இன் கதையே மறுபடி நிகழ்ந்தது. டி.ஏ.பி.யின் சில்லறை விலை சில ஆண்டுகளில் இருமடங்கைக் கடந்தது. யூரியா ஏறத்தாழ அப்படியே நின்றது. 2021-இல் சந்தை மீண்டும் கொதித்தபோது அரசு டி.ஏ.பி. மூட்டைக்கான மானியத்தை 500 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. 2022-23-இல் மொத்த உர மானியம் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி ரூபாயை எட்டியது. 2024-இன் குளிர்காலப் பருவத்திலும் வடமாநிலங்களில் டி.ஏ.பி.க்காக உழவர்கள் வரிசையில் நின்றனர்.

எங்கே போகிறது?

இட்ட மணிச்சத்தில் முதல் பருவத்தில் பயிர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் கால்பங்குக்கும் குறைவு. எஞ்சியதில் பெரும்பகுதி அமில மண்ணில் இரும்போடும் அலுமினியத்தோடும், சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்தோடும் பிணைந்து மண்ணிலேயே தங்குகிறது. அது தொலைந்த செல்வம் அன்று, பூட்டிவைத்த செல்வம். பல்லாண்டு உரமிட்ட வயலில் மண்ணை ஆய்ந்து பார்த்து அளவைக் குறைக்க இடமுண்டு. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் நோக்கம் இதுவே. ஆயினும் கடையில் ஒரே மூட்டை, ஒரே விலை என்றிருக்கும் இடத்தில் அட்டையின் அறிவுரை காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

வயலை விட்டுத் தானியமாக வெளியேறியதன் கணக்கு வேறு. ஒருவர் நாளொன்றுக்கு ஒரு கிராம் பாஸ்பரஸ் வெளியேற்றுகிறார் என்று குறைவாகவே கொள்வோம். 140 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 5 லட்சம் டன் ஆகிறது. உரப் புள்ளிவிவரத்தின் அளவையில் இது 11 முதல் 12 லட்சம் டன். நாம் ஆண்டுதோறும் இடும் மணிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு. கால்நடைகளின் சாணம் இதில் சேரவில்லை.

இதில் நகரங்களின் பங்கு எங்கே சேர்கிறது? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 மதிப்பீட்டின்படி இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 20,235 மில்லியன் லிட்டர். எஞ்சியது நீர்நிலைகளுக்குப் போகிறது. சுத்திகரிக்கப்படும் நீரிலும் மணிச்சத்தைப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு அரிது. ஆச்சார்யா தம் மட்குமுறையை வகுத்த அதே பெங்களூரில், பெல்லந்தூர் ஏரி சலவைத்தூளின் நுரையால் பொங்கியதையும், 2015-இல் அந்த நுரையே தீப்பற்றியதையும் நாடு பார்த்தது. அந்த ஏரியை மூடிக் கிடந்த ஆகாயத்தாமரை, கழிவுநீர் சுமந்துவந்த மணிச்சத்தையும் தழைச்சத்தையும் உண்டு கொழுத்தது. மொராக்கோவில் தோண்டிய பாறை, பாரதீப்பில் உரமாகி, தக்காணத்து வயலில் தானியமாகி, பெங்களூரில் உணவாகி, ஏரியில் களையாக முடிகிறது. இந்தப் பயணத்தின் தொடக்கத்துக்கு நாம் அந்நியச் செலாவணி கொடுக்கிறோம். முடிவைத் தூர்வாரவும் பணம் கொடுக்கிறோம்.

வேறுவழி இருந்ததற்குச் சான்றும் நம்மிடம் உண்டு. கொல்கத்தாவின் கிழக்கு ஈரநிலங்களில் நகரக் கழிவுநீர் ஆழமற்ற குளங்களில் வெயிலால் தெளிந்து மீனாகிறது. குளத்துநீர் நெல்லாகவும் காய்கறியாகவும் மாறுகிறது. பொறியாளர் துருபஜோதி கோஷ் அந்த அமைப்பை உலகுக்கு எடுத்துக்காட்டினார். 12,500 ஹெக்டேர் பரப்பு 2002-இல் ராம்சர் தளமாயிற்று. அதை அரசுத் திட்டம் எதுவும் உருவாக்கவில்லை. மீனவரும் உழவரும் உருவாக்கினர். கொள்கை அதைப் பெருக்கவில்லை. மனைவணிகத்திடமிருந்து காப்பதற்கே நீதிமன்றம் செல்ல நேர்ந்தது.

மட்குரம் ஏன் வெல்லவில்லை?

அரசு முயலவே இல்லை என்று கூறுவதற்கில்லை. 1970-களில் பெருநகரங்களில் இயந்திர மட்குர ஆலைகள் அமைக்கப்பட்டன. 2016-இல் நகர மட்குரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் சந்தை உதவி அறிவிக்கப்பட்டது. உர நிறுவனங்களே அதை விற்க வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2023-இல் ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலங்களுக்கு ஊக்கம் தரும் பிரதமரின் பிரணாம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது.

இவை ஏன் தடுமாறின என்பதற்கு ஓர் எளிய கணக்கு போதும். 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி நகர மட்குரத்தில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 0.4 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 4 கிலோ. ஒரு மூட்டைக்கு ஈடு செய்ய ஏறத்தாழ ஆறு டன் மட்குரம் வேண்டும். தோளில் தூக்கிச் செல்லும் ஒரு மூட்டையின் இடத்தில் ஒரு லாரிச்சுமை. மட்குரம் மண்ணுக்குத் தரும் கரிமமும் பிற சத்துகளும் விலைமதிப்பற்றவை என்பது உண்மை. அதற்காக உழவர் லாரி வாடகையைச் சுமக்க இயலாது. தரம் பிரிக்காத குப்பையிலிருந்து வந்த உரத்தில் கண்ணாடித்துண்டும் நெகிழித்தாளும் கிடந்தால், ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்கமாட்டார்.

இதற்குமேல் ஆட்சிமுறையின் பிளவு ஒன்று இருக்கிறது. உரமானியம் உரத்துறையின் கையில். மண்வளம் வேளாண் அமைச்சகத்தின் கையில். கழிவுநீரும் குப்பையும் நகர்ப்புற அமைச்சகத்திடமும் உள்ளாட்சிகளிடமும். ஏரி மாசு வாரியங்களிடம். 2023 ஜூனில் சுரங்க அமைச்சகம் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் பாஸ்பரஸும் இடம்பெற்றது. ஒரு துறையின் முக்கியக் கனிமம் மற்றொரு துறைக்குக் கழிவு. ஜெர்மனி 2017-இல் இயற்றிய விதியின்படி, 2029 முதல் பெருநகரச் சுத்திகரிப்பு நிலையங்கள் கசடிலிருந்து பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். நம்மிடம் அத்தகைய கட்டாயமும் இல்லை, கால எல்லையும் இல்லை.

வரலாறு காட்டும் வழி

இந்த 130 ஆண்டு வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று.

முதலாவது, கணக்கு. நாட்டுக்குள் வரும் மணிச்சத்து, மண்ணில் தங்குவது, உணவாக வெளியேறுவது, நீரில் கலப்பது ஆகியவற்றை மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடும் ஒரு தேசியப் பேரேடு வேண்டும். வாங்கிய விலையை மட்டும் எழுதும் பேரேடு வோல்க்கரின் காலத்திலும் இருந்தது.

இரண்டாவது, செறிவு. நகரக் கழிவிலிருந்து மணிச்சத்தை மட்குரமாக மட்டுமே மீட்பது தொலைவினால் தோற்கும். சுத்திகரிப்பு நிலையத்திலேயே அதைப் படிகமாகப் பிரித்து மூட்டையில் அடைக்கும் தொழில்நுட்பம் உலகில் நடைமுறையில் உள்ளது. இறக்குமதி செய்த ஒரு கிலோ மணிச்சத்துக்குத் தரும் மானியத்தை மீட்டெடுத்த ஒரு கிலோவுக்கும் தருவது 2010-இன் கோட்பாட்டுக்கு முரணாகாது. அதன் நேர் நீட்சியே ஆகும். மட்குரம் தன் ஊருக்கு அருகிலுள்ள வயலுக்குப் போகட்டும். யூரியாவையும் அதே சத்துக்கணக்கின் கீழ்க் கொண்டுவராத வரை எந்தச் சீர்திருத்தமும் நிலைக்காது.

மூன்றாவது, கண்ணியம். சுழற்சிப் பொருளாதாரம் என்ற புதிய பெயரில் பழைய கூடை திரும்பி வந்துவிடக் கூடாது. மலக்கசடு ஊர்தியும் சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கும் ஒவ்வொரு திட்டத்திலும் மனிதக்கை படாத இயந்திரம், நிலையான ஊதியம், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவை முதல் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். சாதியைக் கணக்கில் கொள்ளாத மறுசுழற்சிக் கொள்கை இந்தியாவில் சாதியின்மேலேயே ஏறி நிற்கும். எலும்பு பொறுக்கியவரின் வரலாறு நமக்குக் கற்பிப்பது இதைத்தான்.

உங்கள் ஊரின் கழிவுநீரும் மலக்கசடும் இன்று எங்கே போய்ச் சேர்கின்றன, அவற்றை யார் கையாளுகின்றனர் என்று அறிந்தவர்கள் கீழே எழுதுங்கள். ஒரு தேசியப் பேரேடு எழுதப்படும் நாள் வந்தால், அதன் முதல் பக்கங்கள் அத்தகைய ஊர்க்குறிப்புகளாகவே இருக்கும்.